அரை மணி நேரம் கேட்டு ஒரு மடல்

மதிப்பிற்குரிய கலைக்கூட நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை உங்கள் கூடத்தில் திறந்துவைத்த குழுக் கண்காட்சியில் என் நீர்வண்ண ஓவியங்கள் இரண்டு தொங்குகின்றன. இடம் கொடுத்ததற்கு நன்றி. விளக்குகளும் நன்றாகவே போட்டிருந்தீர்கள். நான் எழுத வந்தது அன்று மாலை 6 மணிக்கும் 9 மணிக்கும் நடுவே நடந்ததைப் பற்றி. நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள், விவரம் தெரியும். ஆனால் நீங்கள் நின்ற இடத்திலிருந்து சில விஷயங்கள் கண்ணில் பட்டிருக்காது.

அழைப்பிதழில் ‘கலைஞர்களுடன் ஒரு சந்திப்பு, மாலை 6 மணி’ என்று போட்டிருந்தீர்கள். சிறப்பு விருந்தினர் வந்தது 7.20க்கு. உடனே குத்துவிளக்கு, பொன்னாடை, உரைகள், போட்டோ. ‘ஆர்ட்டிஸ்ட் எல்லாம் கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க, பிரேம்ல விழுறீங்க’ என்று மைக்கிலேயே சொன்னார்கள். போனோம். அப்புறம் மாடியில் விருந்து. மேலே ஏற மணிக்கட்டில் பச்சைப் பட்டை வேண்டுமாம், படிக்கட்டில் நின்ற தம்பி சொன்னார். படைப்பு வைத்த பதினான்கு பேரில் அந்தப் பட்டை கிடைத்தது மூன்று பேருக்கு. மற்றவர்களுக்குக் கீழே சமோசா. எட்டு மணிக்குள் அதுவும் காலி. போகட்டும், சமோசாவுக்காகவா பஸ் ஏறி வந்தோம்?

நான் விழுப்புரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர். ஒரு படத்தைக் காட்டி ‘இந்த நீலம் உட்கார்ந்திருக்கா, தனியா துருத்திக்கிட்டு நிக்குதா’ என்று கேட்க என் ஊரில் ஆள் இல்லை. வருஷத்தில் ஒன்றோ இரண்டோ திறப்பு மாலைகளில்தான் எங்களைப் போன்றவர்கள் சக ஓவியரின் முகத்தைப் பார்க்கிறோம். அதற்காகத்தான் லீவு போட்டு, கிளாம்பாக்கத்தில் இறங்கி, இன்னொரு வண்டி மாறி வருகிறோம்.

கும்பகோணத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார், வயது எழுபதுக்கு மேல். ஓர் அடி உயர வெண்கலச் சிற்பத்தைப் பழைய வேட்டியில் சுற்றி, இரவு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தவர். அதற்கு நீங்கள் கொடுத்த மரப்பீடம் ஒரு பக்கம் ஆடியது. காலையிலேயே சொன்னார். ‘பார்க்கலாம்’ என்றீர்கள். பிறகு அவரே தீப்பெட்டி அட்டையை மடித்து அடியில் சொருகினார். கூட்டம் இடித்துவிடப் போகிறதே என்று மாலை முழுக்கப் பக்கத்திலேயே நின்றார். யாரோ காபி குடித்த காகிதக் கப்பைச் சிற்பத்தின் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். இவர் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். குப்பைத்தொட்டியைத் தேடிப் போனால் சிலையை யார் பார்ப்பது? வேட்டி கட்டிய ஒருவர் காலிக் கப்போடு நிற்பதைக் கண்ட இன்னொருவர், பேச்சை நிறுத்தாமல், முகத்தையும் பார்க்காமல், தன் கப்பை அதற்குள் செருகிவிட்டு நகர்ந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவர் கையில் ஏழு கப்புகள். ‘விடு தம்பி, தெரியாமத்தானே செய்றாங்க’ என்றார்.

உங்கள் சிறப்பு விருந்தினர் அந்தச் சிற்பத்தின் எதிரே வந்து நின்று, ‘என்ன ஒரு பேலன்ஸ்!’ என்று வியந்தார். தீப்பெட்டி அட்டையைப் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டோம். செய்தவர் இரண்டடி தள்ளி நிற்கிறார் என்று அவரிடம் சொல்ல உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உங்கள் உரையில் மெட்ராஸ் கலை இயக்கத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினீர்கள். நல்ல உரை. ஆனால் அந்த இயக்கம் எப்படி வளர்ந்தது? எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஓயாமல் பேசிப் பேசி, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, சேர்ந்த காசில் 1966இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். துறையூர்ப் பக்கம் கீராம்பூரிலிருந்து வந்த ஓவியர் ஆதிமூலம், சிற்பி தனபாலின் துணையால்தான் கல்லூரிக்குள் போனார். அன்றைக்குப் படிக்கட்டில் ஒரு தம்பி பட்டை கேட்டு நின்றிருந்தால், நீங்கள் உரையாற்ற விஷயமே இருந்திருக்காது.

பட்டை இல்லாத நாங்கள் எட்டரைக்கு எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போனோம். பெரியவர் அங்கே வாய் திறந்தார். வெண்கலம் வார்க்கும் முன் செய்யும் மெழுகு உருவுக்குத் தேன்மெழுகில் குங்கிலியம் எவ்வளவு, கடலை எண்ணெய் எவ்வளவு, வெயில் காலத்தில் குங்கிலியத்தை ஏன் கூட்ட வேண்டும், காவிரி வண்டலை எப்படி மெழுகின் மேல் பூச வேண்டும் என்று பெஞ்சில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். திருநெல்வேலியிலிருந்து வந்த பெண் போனிலிருந்த தன் கரிக்கோட்டுப் படங்களைக் காட்டினார். என் நீலத்தைப் பற்றி, ‘அண்ணே, அது இன்னும் காயல’ என்று ஒரே வார்த்தையில் முடித்தார். சரியாகத்தான் சொன்னார். இருபது நிமிஷம்கூட இருக்காது, அவரவர் வண்டிக்கு நேரமாகிவிட்டது.

நாங்கள் கேட்பது இதுதான்: திறப்பு நாளில் கலைஞர்களுக்கு என்று அரை மணி நேரம். மைக் வேண்டாம், விருந்தினர் வேண்டாம், கேமரா வேண்டாம். 6 மணி என்றால் 5.30க்குக் கதவைத் திறந்து விடுங்கள், அவரவர் படைப்பின் முன் நின்று பேசிக்கொள்கிறோம்.

இதற்குச் செலவு எதுவும் இல்லை. பிரேம் போட்ட காசு எங்களுடையது, கொண்டுவந்த வண்டிக்கூலி எங்களுடையது, விற்றால் பாதி உங்களுடையது. சுவரில் ஒட்டிய பெயர்ச்சீட்டு முழுக்க ஆங்கிலம், அதிலும் என் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம். விற்றுவிட்டது என்று படைப்புக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு விழுந்த கலைஞர்களை மட்டும் உங்களுக்குத் தெளிவாக அடையாளம் தெரிகிறது. மூன்று பச்சைப் பட்டைக்கும் மூன்று சிவப்புப் பொட்டுக்கும் கணக்கு ஒத்துப்போவது தற்செயல் என்றே நம்ப ஆசை.

மன்னிக்க வேண்டும், சண்டை போடுவதற்காக எழுத உட்காரவில்லை. அடுத்த குழுக் கண்காட்சிக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும் முன் அந்த அரை மணி நேரத்தையும் அதில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சிறப்பு விருந்தினர் வரும்போது, யார் எதைச் செய்தார் என்று ஒருவர் கூடவே நடந்து சொன்னால் இன்னும் நல்லது.

கண்காட்சி முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பெரியவர் ஊர் திரும்பிவிட்டார், பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. தயவுசெய்து அந்தப் பீடத்துக்கு ஓர் ஆப்பு அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பட்டை இல்லாத பதினொருவரில் ஒருவன்