சாட்சிக் கையெழுத்து

ஏரல்,
மார்ச் 2024

அன்புள்ள பால்ராஜ்,

ஸ்தோத்திரம். வெள்ளம் வடிந்த வாரம் நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. அதற்குக்கூட ஒரு வரி எழுதாமல் மூன்று மாதம் இருந்துவிட்டேன், பொறுத்துக்கொள். போனில் பேசியிருக்கலாம்தான். நீ எடுத்தவுடனே "என்ன ஓய், முருங்கைக்காய்!" என்று ஆரம்பிப்பாய், நானும் சிரித்துவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மதினி பேச்சைக் கேட்டு மாடிப்படி ஏறுவதையாவது குறை. இங்கே எல்லாரும் சுகம்.

டிசம்பர் 17 ஞாயிறு காலை ஆராதனைக்குக் குடையோடு போனோம். மழை விடவேயில்லை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று அப்புறம் பேப்பரில் பார்த்தோம். தாமிரபரணி ஊருக்குள் வந்து, தண்ணீர் வடிந்த பிறகு கடை ஷட்டரைத் தூக்கினால், அரிசி புளித்து நாறுகிறது, பாசிப்பயறு மூட்டைக்குள்ளேயே முளைவிட்டிருக்கிறது. கல் உப்பு மூட்டைகளைப் பார்த்தேன். வாய்த்தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. சாக்கு மட்டும் துவைத்துப் போட்ட துணி மாதிரி தரையோடு படிந்து கிடந்தது. உள்ளே ஒரு கல் இல்லை.

அந்தச் சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது, இது எனக்கு வந்த தண்டனை என்று மனசில் விழுந்தது. ஏன் என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2011இல் அப்பா இறந்த பிறகு, வாழைத்தோட்டம் 60 சென்டையும் என் பெயருக்கு விட்டுக்கொடுத்து அக்கா விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தாளே, நீ சாட்சிக் கையெழுத்துப் போட்டாயே, நினைவிருக்கிறதா? தோட்டத்தின் பேரில் அப்பா இரண்டு லட்சம் கடன் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நான்தான் அடைக்கவேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். பால்ராஜ், அந்தக் கடனை அப்பா உயிரோடு இருக்கும்போதே அடைத்துவிட்டார். ரசீது என் பெட்டியில் இருந்தது. ஐம்பதாயிரத்தை அக்கா கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன். நமக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே, இன்னும் என்ன என்று ஊரார் சொல்கிற நியாயத்தை நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்லியிருக்கிறேன். அதில் அந்தத் தோட்டம் ஒருநாளும் வந்ததில்லை.

ரோடு திறந்ததும் நாசரேத்திலிருந்து லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது யார் தெரியுமா? அக்காதான். கையில் இரண்டு வாரியல், ஒரு சருவம் நிறையச் சோறு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்று நாள் கடைச் சேற்றை வாரி வெளியே தள்ளினாள். அவள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சாம்பல் புதனுக்கு அடுத்த ஞாயிறு எங்கள் சபை ஐயர் லூக்கா 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் பேசினார். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா? அப்படியல்ல என்கிறார் இயேசு. அதே மூச்சில், நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்கிறார். எத்தனையோ தடவை கேட்ட பகுதிதான். அன்றைக்கு என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. எங்கள் தெருமுனையில் இட்லி விற்கிற பாட்டிக்கும் வீடு போயிற்று. அவள் யாரை ஏமாற்றினாள்? தண்டனை என்று நினைத்ததில் எனக்கு ஒரு வசதி இருந்திருக்கிறது. கடை போனதோடு கணக்கு தீர்ந்தது என்று இருந்துவிடலாம் அல்லவா? ஆனால் வெள்ளம் என் சரக்கைத்தான் கொண்டுபோனது. அக்காவின் 30 சென்ட் இன்னமும் என் பெயரில்தான் இருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் அழுதாள், அப்புறம் சண்டை போட்டாள். அதிலும் நியாயம் உண்டு. அவள் செயின் அடகில் இருக்கிறது. தோட்டத்தை முழுசாக வைத்துக் கடன் வாங்கினால்தான் கடையில் மறுபடி சரக்கு ஏற்ற முடியும். மார்ச் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போனார்கள். நான் பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" என்கிற வசனத்தைத் தாண்டிக் கால் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவளே, "போய்ச் சொல்லிவிட்டு வாங்க" என்றாள்.

போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. "தெரியும்லே. கையெழுத்துப் போடும்போதே தெரியும். அந்த ரசீதை அப்பா எனக்கும் காட்டியிருந்தாங்க" என்றாள். காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிலிருந்து இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவனும் மனஸ்தாபப்பட்டு முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தவன்தான். இயேசுவைத் தெரியாது என்று சொன்ன பேதுரு கொடுக்க ஒன்றுமில்லாமல் அழுதான், ஆனால் மற்றவர்களை விட்டுப் போகாமல் கூடவே இருந்தான். மனந்திரும்புதல் என்கிற வார்த்தையில் மனமும் இருக்கிறது, திரும்பி வருவதும் இருக்கிறது. நிலத்தைக் கொடுத்துவிடலாம், அது ஒருநாள் வேலை. அக்காவின் மௌனத்தின் முன்னால் ஓடாமல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

கடையை எப்படித் திறப்பேன் என்று தெரியவில்லை. ராத்திரி தூக்கம் கலையும்போது ஆபகூக் தீர்க்கதரிசியின் வசனத்தைச் சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறேன். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன். மகிழ்ச்சி என்கிற இடத்துக்கு நான் இன்னும் வரவில்லை. ஆனால் அவர் கைவிடமாட்டார் என்று நம்புகிறேன் பால்ராஜ், முன்னே கடை நிறையச் சரக்கு இருந்தபோது நம்பியதைவிட அதிகமாக.

என்னை நம்பித்தான் நீ அன்று கையெழுத்துப் போட்டாய். என் பொய்க்கு உன்னையும் சாட்சியாக்கிவிட்டேன். மன்னித்துவிடு. ஈஸ்டர் 31ஆம் தேதி. அதற்கு அடுத்த வாரம் அக்காவுக்கு 30 சென்டை செட்டில்மென்ட் எழுதிக்கொடுக்கிறேன். பத்திர ஆபீசுக்கு வருவதாக மட்டும் மகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இந்தத் தடவையும் சாட்சிக் கையெழுத்து நீதான் போடவேண்டும். ஆதார் அட்டையை எடுத்துக்கொள். செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறி ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கு. வண்டியோடு வந்து நிற்கிறேன்.

உன்,
சாமுவேல்