ஊசி வேண்டாம்னு சொன்னா வெளிய போகணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எங்க அம்மாவுக்கு சுகர். டாக்டர் இன்சுலின் ஆரம்பிக்கணும்னு சொன்னப்ப அம்மா பயந்துட்டு இன்னும் கொஞ்ச நாள் மாத்திரையே போதும்னாங்க, அவ்ளோதான், அவர் ஃபைல மூடி எங்க பக்கம் தள்ளி வச்சுட்டு அப்போ வேற டாக்டர பாத்துக்கோங்கன்னுட்டார். அதுக்கப்புறம் நாலு மாசம் அம்மா எந்த டாக்டர்கிட்டயும் வரமாட்டேன்னுட்டாங்க, மறுபடியும் திட்டு வாங்கணுமேன்னு. இன்சுலினும் இல்ல, டெஸ்ட்டும் இல்ல.

சிகிச்சைய மறுக்க நோயாளிக்கு உரிமை இருக்குன்னு உலக மருத்துவ சங்கம் 1981லயே லிஸ்பன் பிரகடனத்துல சொல்லியிருக்கு. தேவையான சிகிச்சைய நிறுத்துறதுக்கு முன்னாடி வேற ஏற்பாடு பண்ணிக்க உதவியும் டைமும் குடுக்கணும்னும் பின்னாடி அதுல சேத்திருக்காங்க. ஃபைல தள்ளி விடுறதா அந்த உதவி?

டாக்டருக்கும் பயம் இருக்கும், நாளைக்கு ஏதாவது ஆனா பழி அவர் மேலதான், அது எனக்கும் புரியுது. அதுக்கு கேஸ் ஷீட்ல எழுதி கையெழுத்து வாங்கிக்கலாமே. குழந்தைக்கு தடுப்பூசி வேண்டாம்ங்கறவங்க விஷயம் வேற, வெயிட்டிங் ரூம்ல மத்த பச்சக்குழந்தைங்களுக்கும் தட்டம்மை தொத்திக்கும். அமெரிக்க குழந்தைநல மருத்துவர் சங்கமே 2005ல அவங்கள அனுப்பாதீங்கன்னு சொல்லிட்டு 2016ல கடைசி வழியா அனுப்பலாம்னு மாத்திக்கிச்சு. ஆனா சுகர் யாருக்கும் தொத்தாதுங்க. பயத்துல வேண்டாம்னவங்கள அடுத்த மாசம் வாங்க, மறுபடி பேசலாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அம்மா கண்டிப்பா போயிருப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி