தெருப் பெயரில் கிடந்த தாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

துப்புத் துலங்காத கொலைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த நீண்ட கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். நடையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் மூன்றாவதாக வரும், அமெரிக்காவின் டெல்பி என்ற சிற்றூரில் இரண்டு சிறுமிகள் கொலையான வழக்கு அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது. அதில் ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு செய்து, 2024 டிசம்பரில் 130 ஆண்டு சிறைத் தண்டனையும் கொடுத்தாயிற்று. கட்டுரையாளர் ஏதோ பழைய செய்தியைப் பார்த்து எழுதிவிட்டார் போலிருக்கிறது. ஒரு வரித் திருத்தத்தில் சரியாகிவிடும் விஷயம்தான். நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. "தடயமே இல்லாத மர்மம்" என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறார். முப்பத்தோரு வருடம் அரசு அலுவலக ரெக்கார்டு ரூமில் தூசி தின்றவனால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

2019 கோடையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகனுக்கு பர்டூ பல்கலைக்கழகத்தில் வேலை, வீடு வெஸ்ட் லஃபாயெட்டில். அங்கிருந்து டெல்பி காரில் அரை மணி நேரம். கேரல் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) தலைமையிடம் என்று பேர், ஆனால் ஜனத்தொகை மூவாயிரத்தை ஒட்டித்தான். நம் கணக்கில் ஒரு ஊராட்சி. நடுவில் கோர்ட் கட்டடம், சுற்றிலும் கடைகள், அதைத் தாண்டினால் மக்காச்சோளக் காடு. கைவிட்ட ரயில் தடத்தையும் பழைய கால்வாய்க் கரையையும் செப்பனிட்டு, மரங்களுக்கு நடுவே நடப்பதற்கென்றே பாதைகள் போட்டிருக்கிறார்கள். காலையில் நான்கு கிலோமீட்டர் நடக்காவிட்டால் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது என்று மகள்தான் கூட்டிப்போனாள்.

அந்தப் பாதை மோனான் ஹை பிரிட்ஜ் என்ற பழைய ரயில் பாலத்தில் போய் முட்டுகிறது. 1891இல் கட்டியது. டீர் கிரீக் என்ற ஓடைக்கு மேலே 63 அடி உயரம், சுமார் 1,300 அடி நீளம். ரயில் நின்று பல காலம் ஆகிவிட்டது, நாங்கள் போனபோது கைப்பிடியும் இல்லை, கட்டைகளுக்கு நடுவே ஓட்டை. நாங்கள் பாலத்தின் முகப்போடு திரும்பிவிட்டோம். ஊருக்குள் வந்தால் கடைக்குக் கடை கண்ணாடியில் ஒரே நோட்டீஸ். இரண்டு சிறுமிகளின் படம், கீழே தொப்பி போட்ட ஒரு மனிதன் தலை குனிந்து நடந்து வரும் மங்கலான படம். வீட்டு வாசல்களில் பகலிலும் ஆரஞ்சு நிற பல்பு எரிந்தது. அந்தக் குழந்தைகளை மறக்கவில்லை என்பதற்காக ஊரார் போட்டது என்று மகள் சொன்னாள்.

நடந்ததைக் கட்டுரையாளர் ஏறக்குறைய சரியாகவே சொல்லியிருக்கிறார். 2017 பிப்ரவரி 13, திங்கட்கிழமை. பனிக்காக ஒதுக்கி வைத்த நாள் மிஞ்சிப்போனதால் பள்ளி விடுமுறை. எட்டாம் வகுப்புப் படிக்கும் தோழிகள் இருவர், 13 வயதும் 14 வயதும், மதியத்துக்கு மேல் நடக்கப் போனார்கள். பாலத்தின் மேல் பின்னால் ஒருவன் வருவதைக் கண்டு ஒரு சிறுமி தன் செல்போனில் வீடியோ எடுத்தாள். 43 விநாடி. அவர்களைச் சரிவில் இறங்கச் சொல்லும் அவன் குரலும் அதில் இருந்தது. மறுநாள் மதியம் ஓடைக்கு அந்தப் பக்கம் உடல்கள் கிடைத்தன. உடல்களுக்கு நடுவே சுடப்படாத துப்பாக்கிக் குண்டு ஒன்று கிடந்தது. ஆக, ஆள் உருவம் இருந்தது, குரல் இருந்தது, தோட்டா இருந்தது. இதைத் தடயமே இல்லாத மர்மம் என்று எப்படிச் சொல்வது?

கட்டுரையில் இல்லாத பகுதிக்கு வருகிறேன். கொலை நடந்த சில நாட்களிலேயே, அன்று அந்தப் பாதையில் யார் யார் இருந்தீர்கள், வந்து சொல்லுங்கள் என்று போலீஸ் கேட்டது. ரிச்சர்ட் ஆலன் என்ற உள்ளூர்க்காரர் தானாகவே வந்து சொன்னார். பின்னாளில் ஊர் மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். இயற்கை வளத் துறை அதிகாரி ஒருவர் ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில் வைத்துப் பேசிக் குறிப்பு எடுத்தார். மதியம் ஒன்றரை முதல் மூன்றரை வரை அங்கே இருந்தேன், செல்போனில் பங்கு விலை பார்த்துக்கொண்டே நடந்தேன், வழியில் மூன்று பெண்களைப் பார்த்தேன், பாலத்துக்கும் போனேன். இவ்வளவும் அந்தத் தாளில் ஏறிவிட்டது.

அந்தத் தாள் போய்ச் சேர்ந்த பெயர் 'ரிச்சர்ட் ஆலன் வைட்மேன்'. வைட்மேன் என்பது அவர் குடியிருந்த தெரு! தெருப் பெயரை ஆள் பெயரோடு ஒட்டி, மேலே விசாரித்து முடித்ததாகக் குறித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் 'லாட்ஜ்' பண்ணிவிட்டார்கள். அப்படி ஒரு முறை கட்டிவிட்டால் அந்தக் கட்டை எவனும் அவிழ்க்க மாட்டான். ஐந்தரை வருடம் அது அப்படியே கிடந்தது. 2022 செப்டம்பரில், வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சம்பளமில்லாமல் வந்து தாள்களை ஒழுங்குபடுத்திக்கொடுத்த ஓர் அம்மாள்தான் அதைப் பார்த்தார். பாதையில் ஓர் ஆளைப் பார்த்ததாகச் சில பெண் பிள்ளைகள் ஏற்கெனவே சொல்லியிருந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. இந்த ஆளோ அந்தப் பெண்களைப் பார்த்தேன் என்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, விசாரணை அதிகாரியிடம் கொடுத்தார். அடுத்த மாதமே வீட்டுச் சோதனை, துப்பாக்கி, கைது. அந்தத் தோட்டா ஆலனின் கைத்துப்பாக்கி வழியாகப் போய் வந்தது என்பது அரசுத் தரப்பின் முக்கியச் சான்று.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு பெரியவர் பட்டா மாறுதலுக்காகத் திங்கட்கிழமை தவறாமல் வருவார். மனு கொடுத்த ரசீது கையில் இருக்கிறது, வந்த மனுக்களைக் குறிக்கும் தன்பதிவேட்டில் எண்ணும் இருக்கிறது, காகிதக் கட்டைக் காணோம். பதினான்கு மாதம். புதிதாக மனு கொடுங்கள் என்று நானே இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன், வெட்கக்கேடு. கடைசியில் வேறு எதையோ தேடும்போது 'மே' வரிசையில் அகப்பட்டது. பெயருக்கு முன்னால் மேலத்தெரு என்று யாரோ சேர்த்து எழுதியிருந்தார்கள். அந்தக் கையெழுத்து என்னுடையதா, எனக்கு முன்னால் இருந்தவருடையதா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

பட்டா தாமதமானதும் கொலைகாரன் தப்பித் திரிந்ததும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றல்ல. ஆனால் டெல்பியில் அந்தத் தாள் பெட்டிக்குள் கிடந்த காலத்தில் வெளியே என்ன நடந்தது என்று பாருங்கள். 2017இல் போலீஸ் கொலையாளியின் முகம் என்று வரைந்த ஓர் உருவப்படத்தை வெளியிட்டது, நடுத்தர வயது ஆள். 2019 ஏப்ரலில் இன்னொன்று, இளம் வயது முகம். இரண்டு படங்களையும் வைத்துக்கொண்டு உலகம் முழுக்கத் துப்பறிய ஆரம்பித்துவிட்டார்கள். யாராவது ஒருவரின் போட்டோவை அந்த உருவப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி இவன்தான் என்று பரப்புவது. அப்படிச் செய்யாதீர்கள் என்று போலீஸே கெஞ்ச வேண்டியிருந்தது. சம்பந்தமே இல்லாத எத்தனையோ பேர் பழி சுமந்தார்கள். அந்த ஏப்ரல் கூட்டத்தில் மாநிலப் போலீஸ் தலைவர், கொலையாளி உள்ளூர்த் தொடர்புள்ளவன், இந்த அறையிலேயே கூட இருக்கலாம் என்று பேசினார். ஆள் உள்ளூர் என்பது வரை கணக்குச் சரி, பெட்டியைத் திறந்து பார்க்கத்தான் தோன்றவில்லை. அந்த மருந்துக் கடையில் நாங்கள் தண்ணீர் பாட்டில் வாங்கியதாக மகள் சொல்கிறாள். எனக்குக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸ்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

இன்னொன்று. வழக்கின் முதல் சில நாட்களில் எடுத்த விசாரணை வீடியோக்கள், ரெக்கார்டிங் இயந்திரம் அதன் மேலேயே வேறு பதிவைப் பதிந்துகொண்டதால் அழிந்துபோயின. வழக்கறிஞர்கள் இதை விடுவார்களா? கோர்ட்டில் பெரிய வாதமாயிற்று. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், ஆலன் தரப்பு இன்றும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. சிறையில் அறுபது தடவைக்கு மேல் அவரே ஒப்புக்கொண்டார் என்கிறது அரசுத் தரப்பு. மாதக்கணக்கில் தனிமைச் சிறையில் போட்டு வைத்தால் மனுஷன் எதைத்தான் சொல்ல மாட்டான் என்கிறது எதிர்த்தரப்பு. ஜூரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் 2024 நவம்பர் 11 அன்று குற்றவாளி என்றது. அவர் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார். இந்தச் சர்ச்சையில் பாதி, காகிதமும் பதிவும் முதல் வாரத்திலேயே சரியாக இருந்திருந்தால் எழுந்தே இருக்காது என்பது என் எண்ணம்.

சரி, டெல்பியை எடுத்துவிட்டால் பட்டியலில் ஓர் இடம் காலியாகிறதே என்று கட்டுரையாளர் கவலைப்பட வேண்டாம். அதே அமெரிக்காவில், அயோவா மாநிலத்து எவன்ஸ்டேல் இருக்கிறது. அதுவும் நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் அமைதியான ஊர்தான். 2012 ஜூலை 13 அன்று சைக்கிளில் போன இரண்டு குழந்தைகள், எட்டு வயதும் பத்து வயதும், ஒருவருக்கொருவர் சித்தி பிள்ளை பெரியம்மா பிள்ளை. ஏரிக்கரைப் பாதையில் சைக்கிள்கள் மட்டும் கிடந்தன. ஏரித் தண்ணீரை இறைத்துக்கூடத் தேடினார்கள். டிசம்பரில், வேறொரு கவுண்டியின் காட்டுப் பகுதியில் வேட்டைக்குப் போனவர்கள் உடல்களைக் கண்டார்கள். அந்த வழக்கில் இன்று வரை ஒருவரும் கைதாகவில்லை. அதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது, எத்தனை பேர் வந்து தகவல் சொன்னார்கள், அந்தத் தாள்கள் எங்கே எப்படி இருக்கின்றன, யாராவது மறுபடி முதலிலிருந்து படிக்கிறார்களா என்றும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள். கொலையாளியின் மனத்துக்குள் என்ன ஓடியிருக்கும் என்ற கற்பனைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கு, இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும்.

திருத்தம் போடும்போது பெயரை ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். கட்டுரையில் இரண்டு இடங்களில் டெல்பி என்பது டெல்லி என்று அச்சாகியிருக்கிறது.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற ரெக்கார்டு கிளார்க்,
கும்பகோணம்.