வெட்பாலை எண்ணெயும் பேர் இல்லாத பொட்டலமும்

அன்பு மகள் மாலதிக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழங்கையில் வெள்ளி நிறத்துச் செதில், தடிப்பின் ஓரம் கோடு போட்டதுபோல் தெளிவு, தலையில் முடி முடிகிற இடம் தாண்டி நெற்றிக்கு இறங்கியிருக்கிறது. ஸ்கின் டாக்டர் சோரியாசிஸ் என்று சொன்னது சரிதான். தொட்டால் ஒட்டாது, மாப்பிள்ளையிடமும் சொல். அடியோடு போய்விடும் என்று யார் சொன்னாலும் நம்பாதே மக்களே. அடங்கும், நல்ல வைத்தியத்தில் வருஷக்கணக்கில்கூட அடங்கிக் கிடக்கும், பிறகு ஒரு தொண்டைப் புண்ணிலோ மனக்கவலையிலோ மறுபடி கிளம்பும். அதைத் தெரிந்துகொண்டு வைத்தியத்துக்குப் போனால் ஏமாற மாட்டாய்.

முதலில் ஆபீஸ் தோழி தந்த அந்தப் பொடி. பொட்டலத்தில் பேர் இல்லை, சேர்மானம் இல்லை, லைசன்ஸ் நம்பர் இல்லை. மூன்றே நாளில் அரிப்பு நின்றது என்கிறாய், அதுதான் எனக்குப் பயம். பச்சிலை மருந்து அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலப்பது நடக்கிறது. பல வாரம் சாப்பிட்டு சட்டென்று நிறுத்தினால் நோய் இரண்டு மடங்காகத் திரும்பும், சிலருக்குச் சீழ்க்கொப்புளமாகவே வெடிக்கும். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறாய் என்று கணக்கெடுத்து, பொட்டலத்தோடு நாளைக்கே டாக்டரிடம் போ. எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். அவர் தந்த ஆயின்ட்மென்டும் அப்படித்தான். தினம் ஒருமுறை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரத்துக்கு இரண்டு என்று அவர் சொல்கிற கணக்கில் குறைக்க வேண்டும். என் வெட்பாலை எண்ணெய் வருகிறது என்று அதைத் தூக்கி எறிந்துவிடாதே.

எண்ணெய் இங்கே போட்டு வைத்திருக்கிறேன். நீயும் செய்முறையைத் தெரிந்து வைத்துக்கொள், ஊருக்கு வரும்போது நீயே போடலாம். வெட்பாலை இலை 250 கிராம், செக்குத் தேங்காய் எண்ணெய் அரை லிட்டர். இலையைத் துடைத்து, நிழலில் இரண்டு மணி நேரம் ஈரம் போக உலர்த்தி, கத்தி படாமல் கையால் கிள்ளிக் கண்ணாடி ஜாடியில் போட்டு, இலை மூழ்க எண்ணெயை ஊற்ற வேண்டும். கிள்ளும்போது பால் வடியும். வாயை வெள்ளைத் துணியால் கட்டி ஏழு நாள் நல்ல வெயிலில் வைத்து, சாயங்காலம் உள்ளே எடுத்துவிட வேண்டும். தினம் காய்ந்த மரக்குச்சியால் கிண்டிவிடு. வெயில் ஏற ஏற எண்ணெய் சிவந்து, பிறகு கருநீலம் கலந்த ஊதாவாக மாறும். இந்த இலையில் அவுரியைப் போல நீலச் சாயம் உண்டு, அதனால்தான். நிறம் மாறவே இல்லையென்றால் இலை மாறிப்போயிருக்கும். பார்க்க இதேபோல் இருக்கும் குடசப்பாலை என்ற வேறு செடியைக் கொண்டுவந்து தருகிறவர்கள் உண்டு. இலையும் எண்ணெயும் சரிக்குச் சரி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. இலை மூழ்காமல் மேலே நிற்கும், நின்ற இடத்தில் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தோடு போட்டாலும் சிக்கு வாடை வந்துவிடும், அந்த எண்ணெயைக் கொட்டத்தான் வேண்டும்.

முதலில் முன்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி இரண்டு நாள் பார். சிவக்கவில்லை என்றால் தடிப்புகளில் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பயத்தம்பொடி தேய்த்துக் குளி. கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். செதிலை நகத்தால் உரிக்காதே, உரித்த காயத்திலேயே புதுத் தடிப்பு வரும் நோய் இது. காலை வெயிலில் பத்து நிமிஷம் நிற்கலாம். ஆனால் கார்போகரிசி என்ற மருந்து விதை சேர்ந்த எண்ணெய் எதையும் பூசிக்கொண்டு வெயிலுக்குப் போகாதே, கொப்புளித்துவிடும். டில்லிக் குளிரில் பாட்டிலில் எண்ணெய் உறைந்துபோகும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளக்கு, அடுப்பில் காட்டாதே. ஊதாக் கறை துணியில் போகாது, பழைய தலையணை உறை போட்டுக்கொள்.

உள்ளுக்குச் சாப்பிடுவதை நானோ நீயோ முடிவு செய்யக் கூடாது. சரிதா விஹாரில் அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் இருக்கிறது, 2017-இல் திறந்தது. அங்கே ஓ.பி.யில் காட்டு. கஷாயம் எழுதினால் பெரும்பாலும் 15 மி.லி.க்கு 60 மி.லி. கொதித்து ஆறிய தண்ணீர் கலந்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில் என்று இருக்கும். மகாதிக்தக நெய், அதாவது கசப்பு மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய மருந்து நெய், தந்தால் பசி மந்தமாகிறதா என்று கவனித்துச் சொல். பேதிக்குக் கொடுப்பது என்றால் முறைப்படி நெய் குடிக்க வைத்து, வியர்வை எடுத்து, பிறகுதான் கொடுப்பார்கள். வீட்டில் விளக்கெண்ணெய் குடித்து அதைச் செய்ய முடியாது. தலைக்குத் தக்ரதாரை சொன்னால் செய்துகொள். முத்தக்காசு என்கிற கோரைக்கிழங்கு போட்டுக் காய்ச்சிய பாலை உறைகுத்திக் கடைந்து, நெல்லிக்காய் கஷாயம் கலந்த மோரை நெற்றியில் தாரையாக விடுவது அது. தலை அரிப்புக்கும் தூக்கத்துக்கும் நல்லது.

ஆரோக்கியவர்த்தினி மாத்திரையைக் கடையில் கேட்டு நீயாக வாங்காதே. அதில் பாதரசம், கந்தகம், செம்பைப் புடம்போட்ட தாமிர பஸ்மம் எல்லாம் உண்டு. குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் இரண்டு டாக்டரிடமும் அதை முதலிலேயே சொல். மருந்து தொடங்கும் முன் ஒருமுறை, மூன்றாம் மாதம் ஒருமுறை கல்லீரல், சிறுநீரக டெஸ்ட் எடு. வாரம் ஒரு போட்டோ, அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் எனக்கு அனுப்பு. எண்ணெய் வேலை செய்தால் முதலில் செதில் குறையும், அப்புறம் தடிப்பு தட்டையாகும், சிவப்புதான் கடைசியில் போகும். மூன்று மாதத்தில் எதுவும் அசையவில்லை என்றால் வைத்தியத்தை மாற்றத்தான் வேண்டும்.

காலையில் எழுந்ததும் விரல் மூட்டு அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலோ, ஒரு விரல் மட்டும் முழுசாக வீங்கினாலோ மூட்டு டாக்டரிடம் போகத் தாமதிக்காதே. உடம்பு முழுக்கச் சிவந்து காய்ச்சல் வந்தால் எண்ணெயும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அப்புறம் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அம்மா
நாகர்கோவில்