கோவை – லண்டன் பயண நேரத்தைத் தப்பாகக் காட்டியது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
விமான டிக்கெட் முன்பதிவு நிறுவனம்.

ஐயா / அம்மா,

வணக்கம். நான் கோபிசெட்டிபாளையத்தில் இருந்து எழுதுகிறேன். என் தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவை ஜூன் மாதம் லண்டன் அனுப்ப உங்கள் தளத்தில் டிக்கெட் எடுத்தேன். காலை 6.00 மணிக்குக் கோவையில் கிளம்பி, மும்பையில் விமானம் மாறி, மாலை 6.20க்கு லண்டன். அதற்குக் கீழே "மொத்தப் பயண நேரம் 12 மணி 20 நிமிடம்" என்று அச்சிட்டிருந்தீர்கள்.

உண்மையில் ஆனது 16 மணி 50 நிமிடம். கிளம்பும் நேரம் நம்மூர் நேரம், சேரும் நேரம் லண்டன் நேரம். இரண்டையும் அப்படியே கழித்துப் போட்டிருக்கிறீர்கள். கோடைக்காலத்தில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. விட்டுப்போனது சரியாக அந்த நாலரை மணி நேரம்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போடுகிறவர். டாக்டரிடம் உங்கள் தாளைத்தான் காட்டினோம். பன்னிரண்டு மணி நேரம்தானே, காலை ஊசியை இங்கே போட்டுக்கொள்ளுங்கள், இரவு ஊசி மகள் வீட்டில் போய்ப் போட்டால் போதும் என்றார். அம்மாவின் கைக்கடிகாரம் நம்மூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதில் 6.20 ஆனபோது விமானம் இன்னும் பாதி வழியைத்தான் தாண்டியிருந்தது. மருந்து கைப்பையிலேயே இருந்தும், இதோ இறங்கிவிடுவோம் என்று காத்திருந்து, கொடுத்த சாப்பாட்டை ஊசி போடாமலே சாப்பிட்டிருக்கிறார். தங்கை வீட்டில் சோதித்தபோது சுகர் 350க்கு மேல். மயக்கம் வேறு. நிறைமாத கர்ப்பிணி அன்று இரவெல்லாம் அம்மா பக்கத்திலேயே விழித்திருந்தாள்.

உங்கள் உதவி மையத்தில் கேட்டதற்கு, "நேரங்கள் தோராயமானவை" என்று பதில் வந்தது. இதை நான் ஏற்கவில்லை. காற்றால் அரை மணி, முக்கால் மணி முன்பின் ஆவதுதான் தோராயம். மேற்கே போகும் விமானத்துக்கு எதிர்க்காற்று இருக்கும், அது எனக்கும் தெரியும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியதால் நம் நாட்டு விமானங்கள் சுற்றிப் போக வேண்டி வந்ததையும் புரிந்துகொள்கிறேன். இது அந்தக் கணக்கில் சேராது. இது கழித்தல் தப்பு.

இன்னொன்று. அதே பக்கத்தின் மேலே "கோவை – லண்டன் 8,190 கி.மீ., விமான நேரம் 9 மணி 40 நிமிடம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். கோவையில் இருந்து லண்டனுக்கு நேரடி விமானமே கிடையாது. இங்கிருந்து நேராகப் போவது சார்ஜா, சிங்கப்பூர், அபுதாபி மாதிரி சில ஊர்களுக்குத்தான். உலக உருண்டையில் நேர்கோட்டுத் தூரத்தை அளந்து, விமான வேகத்தால் வகுத்த எண் அது. தூரத்தில் எனக்குக் குறை இல்லை. கோவை – மும்பை சுமார் 1,000, மும்பை – லண்டன் சுமார் 7,200 கி.மீ., கூட்டினால் ஏறக்குறைய அதுவேதான். ஆனால் மும்பையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து மணி நேரம் அந்த எண்ணில் எங்கே? இல்லாத விமானத்துக்கு ஒரு நேரத்தைக் காட்டினால், வயதானவர்களைத் தனியே அனுப்புகிறவர்கள் அதை நம்பித்தான் முடிவெடுப்பார்கள்.

ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் எந்த ஊர் நேரம் என்று போடுங்கள். மொத்த நேரத்தை நேர வித்தியாசத்தைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். நேரடி விமானம் இல்லாத ஊர்களுக்கு அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அம்மாவின் திரும்பும் டிக்கெட்டும் உங்களிடம்தான் இருக்கிறது. அதைத் திருத்திப் புதிதாக அனுப்புங்கள். என்னிடம் வாங்கிய சேவைக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். டிக்கெட் நகலும் உங்கள் பதிலின் நகலும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.