பாய்லர் பாதுகாப்பு வால்வை உங்கள் மெக்கானிக் இறுக்கியது பற்றிப் புகார்

அனுப்புநர்: அரிசி ஆலை உரிமையாளர், பெகு, பர்மா.
பெறுநர்: சர்வீஸ் மேலாளர், ரங்கூன் கிளை.

ஐயா,

உங்களிடம் வாங்கிய உமி பாய்லரும் ஸ்டீம் எஞ்சினும் 15 கிலோவாட் கரண்ட் தரும், எஞ்சினைவிட்டு வெளிவரும் ஆவியிலேயே நெல்லும் அவித்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் விற்றீர்கள். 9 கிலோவாட்டைத் தாண்டினாலே ஆவியின் அழுத்தம் 7 பாரிலிருந்து (பார் என்பது அழுத்த அளவு) சரிகிறது. வெளிவரும் ஆவியை அவியல் தொட்டிக்குத் திருப்பினால் எஞ்சினை எதிர்த்துத் தள்ளும் பின்னழுத்தம் ஏறி அந்த 9-ம் கிடைப்பதில்லை.

உமி ஈரம் என்றார் உங்கள் ஆள். காய்ந்த உமி, அள்ளினால் கையில் ஒட்டாது. உங்கள் விவரத்தாளிலேயே பாய்லருக்கு மணிக்கு 200 கிலோ ஆவி, எஞ்சினுக்கு யூனிட்டுக்கு 20 கிலோ ஆவி என்று போட்டிருக்கிறது. வகுத்தால் 10 கிலோவாட்தானே வரும்?

இது பணத்தகராறு, பேசித் தீர்க்கலாம். அடுத்ததைப் பேசித் தீர்க்க முடியாது. அழுத்தம் போதவில்லை என்று நாங்கள் சொன்னதற்கு, உங்கள் மெக்கானிக், அழுத்தம் மீறினால் தானே திறந்து ஆவியை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வின் ஈய முத்திரையை அறுத்து, ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். அறுந்த கம்பி உமிச்சாம்பலில் கிடந்தது. லோடு ஏறினால் 7-ல்கூட நிற்காத பாய்லரில் 8-ல் திறக்கும் வால்வை இறுக்கி என்ன கரண்ட் கூடும்?

ஆபத்து லோடு இறங்கும்போது. மில் நின்றாலும் அடுப்பில் உமி கனன்றுகொண்டே இருக்கும். அப்படி ஒரு சாயங்காலம் அழுத்தமானியின் முள் 9-ஐத் தொட்டும் வால்வு வாய் திறக்கவில்லை. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் தெரிந்ததால், அடுப்பின் காற்றோட்டத்தை அடைக்கும் டாம்பரை மூடி, பம்பு போட்டுப் பச்சைத் தண்ணீர் ஏற்றி அழுத்தத்தை இறக்கினார் எங்கள் பாய்லர்காரர். 8 பாரில் உள்ளே தண்ணீர் 175 டிகிரி. தகடு பிளந்தால் அதில் ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகி 1,600 மடங்கு விரியும். அவியல் தொட்டியடியில் வேலை செய்பவர்கள் எங்கே ஓடுவார்கள்? 1923-லிருந்து பாய்லர் சட்டம் இருக்கும் நாடு இது. முத்திரையில் கைவைக்கக் கூடாது என்று உங்கள் ஆளுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

சோதனைச் சான்றோடு புது வால்வு கொண்டுவந்து, பாய்லர் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் 8 பாரில் திறந்து காட்டி முத்திரை வையுங்கள். நீர் அழுத்தச் சோதனையையும் உங்கள் செலவில் மறுபடி செய்யுங்கள். பிறகு, மணிக்கு 300 கிலோ ஆவி தரும் பாய்லராக மாற்றித்தாருங்கள், இல்லையென்றால் குறைந்த திறனுக்கான பணத்தைத் திருப்பித்தாருங்கள்.

அதுவரை அடுப்பில் தீ போடமாட்டோம். ஆலை டீசல் ஜெனரேட்டரில் ஓடுகிறது, ரசீதுகளை எடுத்துவைத்திருக்கிறேன். அந்தச் செலவும் உங்களுடையதே.

இப்படிக்கு,
ஆலை உரிமையாளர்