செல்வத்துக்கு ஒரு செல் புராணம்

அன்புள்ள செல்வம்,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்றவன் ஆடியில் எழுதுகிறேன். திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான். அண்ணாச்சி இன்னும் அதே குடையோடு நடமாடுகிறார்.

போன மாதம் சிற்றலை ரேடியோவை எடுத்தால் உயிரே இல்லை. பின்மூடியைத் திறந்தேன். ஐப்பசியில் போட்டு மறந்த அல்கலைன் செல்கள் கசிந்து, ஸ்பிரிங் முழுக்க உப்புப் பூத்த மாதிரி வெள்ளை. பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தே ஒரு ஞாயிறு போயிற்று. "கேட்டு முடிச்சா செல்லைக் கழட்டுங்கடா" என்பாரே உன் அப்பா, அந்தக் குரல் காதிலேயே இருந்தது.

இனிமேல் கடைச் செல்லே வேண்டாம் என்று ஆவேசப்பட்டு, யுஎஸ்பி ஒயரில் சார்ஜ் ஆகும் லித்தியம் பென்சில் செல் நாலு வாங்கினேன். கடைசிவரை 1.5 வோல்ட் என்று அட்டையில் ஒரே பெருமை. போட்டதும் 31 மீட்டர் அலைவரிசை பூராவும் கரகரப்பு. மாடியில் ஏரியலை இடம் மாற்றினேன், எதிர்வீட்டு எல்இடி பல்பைச் சபித்தேன், மெயினை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் உறைத்தது. 3.7 வோல்ட்டை 1.5 ஆக இறக்க அந்தச் செல்லுக்குள் ஒரு குட்டி சர்க்யூட் இருக்கிறது. அது நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடுகிற இரைச்சலைத்தான் ரேடியோ கேட்டிருக்கிறது. திருடனை மடியில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் தேடியிருக்கிறேன்!

இப்போது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்கிற சார்ஜ் செல். ஒன்று 1.2 வோல்ட், நாலும் சேர்ந்தால் 4.8தான். ஆனாலும் ரேடியோ முனகவில்லை. அல்கலைனும் பாதிக்கு மேல் தீர்ந்தால் அந்த அளவுக்கு இறங்கிவிடுமே. சும்மா கிடந்தாலே காலியாகும் பழைய ரகமும் இல்லை. 2005-இல் எனலூப் என்கிற செல் வந்த பிறகு கிடைக்கிற, மாதக்கணக்கில் சார்ஜ் தாங்கும் ரகம். ஒரே குறை, கடைசியில் பொசுக்கென்று போய்விடும். நிலையத்தின் பெயரைச் சொல்கிற நேரம் பார்த்துப் போயிற்று. எந்த நிலையத்தைக் கேட்டோம் என்று எழுதிப் போட்டால் அவர்கள் அனுப்புகிற அந்த வண்ண அட்டை கோவிந்தா.

சுவர்க் கடிகாரத்துக்கு மட்டும் கடைச் செல்தான். வருஷத்துக்கு ஒன்று தின்கிறதற்குச் சார்ஜர் எதற்கு?

சரி, ஒன்று கேட்கிறேன். அப்பாவின் ரேடியோ பரணில்தானே இருக்கிறது? அவர் போன பிறகு நீ அதைத் தொடவே இல்லை என்று தங்கச்சி சொன்னாள். ஊருக்கெல்லாம் சொன்னவர்தான், ஆனால் அந்தக் கடைசி வாரத்தில் அவரே கழற்றியிருக்க மாட்டார். இன்றைக்கே திறந்து பார். கசிந்திருந்தால் நீயாக எதையும் சுரண்டாதே, என்னிடம் கொண்டுவா.

உன்,
சுந்தரம்